ஸ்பீக்கருக்கும் செவிக்கும் நடுவே ஓர் அறை

வீட்டில் நல்ல இசை கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஸ்பீக்கரைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அவற்றைக் கொண்டுபோய் வைக்கும் ஹாலைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் விழும் ஒலியில் பெரும்பகுதி, சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்ததுதான். நேராக வரும் ஒலி அதில் சிறுபான்மை. ஆகவே ஹாலும் ஒலிக்கருவிகளில் ஒன்று. அதைச் சரிசெய்வது எப்படி என்ற கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில்கள் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பதில்களை நம் வீடுகளுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருத்திப் பார்ப்பது அவசியம் என்பதற்குக் காரணம் உண்டு. இத்துறையில் கிடைக்கும் ஆலோசனைகளில் பல வட அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. தரையில் பல வீடுகளில் முழுக் கம்பளம். ஜிப்சம் பலகை பாஸ் ஒலி பட்டால் லேசாக அதிர்ந்து கொடுக்கும். அந்த அசைவில் பாஸின் ஆற்றல் ஒரு பங்கு கரைந்துபோகும். நம் ஹாலில் செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. எதுவும் அசையாது, எதுவும் உறிஞ்சாது. அங்கே சொன்ன மருந்தை அதே அளவில் இங்கே கொடுத்தால் நோய் பாதிதான் தீரும்.

கணக்கு பிறந்த இடம்

அறையின் ஒலியை எண்ணால் அளக்க முடியும் என்று காட்டியவர் வாலஸ் சாபின். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் இயற்பியல் ஆசிரியராக இருந்தார். அங்கே ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பல சொற்கள் அதன்மேல் வந்து விழுந்தன. அதைச் சரிசெய்யும் பொறுப்பு சாபினிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில், ஓர் ஆர்கன் குழாயும் நேரம் குறிக்கும் கடிகாரமும் தன் காதும் மட்டுமே கருவிகளாக, ஒலி மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, மெத்தை கூடக் கூட அந்த நேரம் எப்படிக் குறைகிறது என்று குறித்துக்கொண்டார்.

அந்த உழைப்பில் கிடைத்த விதி எளிமையானது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். ஒலி 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரமே எதிர்முழக்க நேரம். உறிஞ்சலை அளக்க சாபின் தேர்ந்துகொண்ட அலகு திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பாது என்பதால் ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்பது முழுமையான ஒரு அலகு உறிஞ்சல். இந்த விதியை வைத்து வடிவமைக்கப்பட்டு 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால், உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

நம் ஹாலுக்கு அதே கணக்கு

5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். கன அளவு 52.5 கன மீட்டர். சிமெண்ட் பூச்சு, தன்மேல் படும் ஒலியில் நடு அதிர்வெண்களில் சுமார் 3 சதவீதத்தை மட்டுமே உறிஞ்சும். டைல்ஸ் 2 சதவீதத்துக்கு மேல் போகாது. கதவு, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்தாலும் காலி ஹாலின் மொத்த உறிஞ்சல் 3 அலகைத் தாண்டுவதில்லை. எதிர்முழக்க நேரம் ஏறக்குறைய 3 நொடி. குடிபுகும் முன் காலி வீட்டில் பேசும்போது குரல் முழங்குவது இதனால்தான்.

இப்போது குடித்தனம் வரட்டும். மெத்தை வைத்த சோபா செட் 3 அலகு தரும். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரைச்சீலை 8 சதுர மீட்டர் இருந்தால் 4 அலகு. தடித்த கம்பளம் ஒன்று 2 அலகு. புத்தகம் நிறைந்த அலமாரியும் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் சேர்ந்து 2 அலகு. மொத்தம் 14-ஐ நெருங்கும். எதிர்முழக்க நேரம் 0.6 நொடிக்கு வந்துவிடும். வீட்டில் இசை கேட்க 0.3 முதல் 0.5 நொடி வரை இதமானது என்பது பரவலான கருத்து. 10 சென்டிமீட்டர் தடிமனில் ராக்வூல் (பாறைநார்) பலகைகள், ஒவ்வொன்றும் 120-க்கு 60 சென்டிமீட்டர் அளவில், நான்கு மாட்டினால் இன்னும் 3 அலகு கூடும், நேரம் 0.5 நொடியில் நிற்கும்.

இந்தக் கணக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. வேலையின் பெரும்பகுதியை வீட்டுச் சாமான்களே செய்துவிடுகின்றன என்பது முதல் செய்தி. மூங்கில் சோபா, மெல்லிய திரை, வெறும் தரை என்று அழகாக வைத்திருக்கும் ஹாலில் இசை கூச்சலாகக் கேட்டால், அதற்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது செய்தி, நேரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை என்பது. முழுக்க உறிஞ்சப்பட்ட அறையில் குரல் வறண்டுவிடும். தனியாவர்த்தனத்தில் மிருதங்கத்தின் விரைவான சொற்கட்டு ஒவ்வொன்றும் தனித்துக் கேட்க வேண்டும்; அதேசமயம் தம்புராவின் கார்வை அறையில் பரவ வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் அளவே நமக்கு வேண்டியது.

பாஸ் என்னும் தனிப் பிரச்சினை

மேலே சொன்ன கணக்கு நடு, உயர் அதிர்வெண்களுக்குத்தான் பொருந்தும். சிறிய அறையில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேறு விதிகள். இந்த எல்லையைக் கணக்கிடும் வழியை வகுத்தவர் ஜெர்மானிய இயற்பியலர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர். அதற்குக் கீழே ஒலியின் அலைநீளம் அறையின் அளவோடு ஒப்பிடத்தக்கதாக ஆகிவிடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அலை சரியாகப் பொருந்தும் அதிர்வெண்களில் அறையே ஒத்ததிரும். அங்கே நிலை அலைகள் உண்டாகி, ஓரிடத்தில் பாஸ் வீங்கும். இன்னோர் இடத்தில் காணாமற்போகும்.

நம் மாதிரி ஹாலில் நீளவாக்கில் முதல் ஒத்ததிர்வு சுமார் 35 ஹெர்ட்ஸில் வரும், அகலவாக்கில் 49, உயரவாக்கில் 58. பாஸ் கிட்டாரின் கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஆகவே அந்தச் சுரம் வரும்போதெல்லாம் இந்த ஹால் தானும் சேர்ந்து முழங்கும். பக்கத்துச் சுரங்கள் அந்த அளவு எழாது. இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிட்டார் தனிக் குரலாகவே நடந்துபோகும். அந்த நடையில் ஒரு சுரம் மட்டும் பருத்து, அடுத்தது மெலிந்து கேட்டால் இசையமைத்தவரின் கோடு சிதைந்துவிடுகிறது. அவர் எழுதியதை அறை திருத்தி எழுதுகிறது.

நீளமும் அகலமும் சமமான சதுர அறையில் இரண்டு ஒத்ததிர்வுகளும் ஒரே அதிர்வெண்ணில் விழுவதால் வீக்கம் இரட்டிப்பாகும். சுவர் கான்கிரீட் என்றால் அது தணியவும் நேரம் எடுக்கும். ஹாலும் டைனிங்கும் நடுவே சுவரில்லாமல் திறந்திருக்கும் வீடுகளில் பாஸ் வெளியேற வழி இருக்கிறது. அங்கே சிரமம் குறைவு.

பாஸ் வீக்கத்தைப் பஞ்சால் மட்டும் தீர்க்க முடியாது. ராக்வூல் போன்ற நுண்துளைப் பொருள், காற்றுத் துகள்கள் வேகமாக அசையும் இடத்தில்தான் நன்றாக உறிஞ்சும். அந்த இடம் சுவரிலிருந்து கால் அலைநீளம் தள்ளி இருக்கிறது. 100 ஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 86 சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸில் 1.7 மீட்டர். அவ்வளவு தடித்த பலகையை எந்த ஹாலிலும் வைக்க முடியாது. ஆனால் எல்லா ஒத்ததிர்வுகளும் வந்து கூடும் இடங்கள் மூலைகள். அங்கே தரையிலிருந்து கூரை வரை 30 சென்டிமீட்டருக்குக் குறையாத தடிமனில் உறிஞ்சிகளை நிறுத்தினால் 80 ஹெர்ட்ஸுக்கு மேலே நல்ல பலன் உண்டு. அதற்குக் கீழே வேறு மூன்று கருவிகள்தாம் உதவும்: உட்காரும் இடம், பாஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்களான சப்வூஃபர்களின் எண்ணிக்கை, டிஜிட்டல் திருத்தம்.

செலவில்லாத முதல் படி: இடம்

நம் வீடுகளில் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது வழக்கம். ஸ்பீக்கர்கள் சுவரில் கட்டிய ஷோகேஸுக்குள் போகும். ஒலிக்கு இரண்டும் கெடுதல். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பாஸ் வீங்கும். தலைக்குப் பின்னாலிருந்து உடனே திரும்பும் ஒலி, நேராக வருவதோடு மோதும். கான்கிரீட் தட்டுகளுக்கு நடுவே செருகிய ஸ்பீக்கர், குகைக்குள் இருந்து பேசுகிறவரின் குரல்போல ஆகிவிடும்.

அறையின் நட்டநடுவும் வேண்டாம். நீளவாக்கில் முதல் ஒத்ததிர்வு அங்கே பூஜ்யமாவதால் பாஸ் மெலியும். நீளத்தில் 38 சதவீதம் என்ற விகிதத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளும் பழக்கம் ஒலிப்பதிவுக்கூடம் கட்டுகிறவர்களிடம் உண்டு. 5 மீட்டர் ஹாலில் அது பின்சுவரிலிருந்து 1.9 மீட்டர். அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்ந்து காதால் முடிவுசெய்யலாம். அவ்வளவு இடம் விட முடியாத வீட்டில், சோபாவை இரண்டடி முன்னால் இழுத்து, பின்சுவரில் தலை உயரத்துக்குத் தடித்த பலகை ஒன்றை மாட்டினாலே பெரிய முன்னேற்றம் தெரியும்.

இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருப்பது நல்லது. உயர் அதிர்வெண் தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரின் தூரமும் முக்கியம். சுவரில் பட்டுத் திரும்பும் அலை, நேராகப் போகும் அலையை ஓர் அதிர்வெண்ணில் அழித்துவிடும். சுவர் 60 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் அந்த அழிவு 144 ஹெர்ட்ஸில் விழும். ஆண் குரலின் உடம்பு இருக்கும் இடம் அது. ஸ்பீக்கரின் முன்முகம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி சுவரை நெருங்கி வைத்தால் அது 290 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும்; பின்னால் ஒரு பலகையை மாட்டி அதை அடக்கிவிடலாம். ஆகவே நெருக்கி வைக்க வேண்டும், அல்லது ஒரு மீட்டருக்கு மேல் தாராளமாக விலக்க வேண்டும். இடைப்பட்ட தூரமே தொல்லை.

சப்வூஃபருக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. அதை நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பழகிய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய்க் கேட்க வேண்டும். எங்கே பாஸ் சீராக இருக்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால், இருக்கையிலும் அதே சீர் கிடைக்கும். ஒலி போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே என்பது இதன் அடிப்படை.

பக்கச் சுவர்: தீராத விவாதம்

ஸ்பீக்கரிலிருந்து பக்கச் சுவரில் ஒருமுறை பட்டு வரும் ஒலியை என்ன செய்வது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மாதிரி ஹாலில் அந்த ஒலி, நேர் ஒலியைவிட 3 மில்லி நொடிக்குள் பின்தங்கி வருகிறது. இவ்வளவு சிறு இடைவெளியில் வருவதை மூளை தனி எதிரொலியாகப் பிரிக்காது. முதல் ஒலியோடு சேர்த்து, முதலில் வந்த திசையிலிருந்தே கேட்பதாக எடுத்துக்கொள்ளும். இதை 1949-இல் தன் ஆய்வேட்டில் விளக்கியவர் ஹெல்முட் ஹாஸ்.

ஒலிப்பதிவுக்கூட மரபு அந்த எதிரொலிப்பை உறிஞ்சிவிடச் சொல்கிறது. அப்போது பாடகர் எங்கே நிற்கிறார், வயலின் எங்கே என்பது கூர்மையாகத் தெரியும். கனடாவின் தேசிய ஆய்வுக் கழகத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் பல்லாண்டுகள் கேட்புச் சோதனைகள் நடத்திய ஃபிளாய்ட் டூல் வேறு பக்கம் நிற்கிறார். ஸ்பீக்கர் பக்கவாட்டிலும் சீரான ஒலியைத் தருமானால், பக்கச் சுவர் எதிரொலிப்பு இசையின் அகலத்தைக் கூட்டுகிறது, பலர் அதை விரும்புகிறார்கள் என்பது அவர் வாதம். பக்கவாட்டில் ஒலி கோணலாக இருக்கும் ஸ்பீக்கருக்கு உறிஞ்சல் உதவும் என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

நம் ஹாலைப் பொறுத்தவரை இந்த விவாதத்துக்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. எதிரெதிரே இரண்டு வெறும் சிமெண்ட் சுவர்கள் நின்றால் ஒலி அவற்றுக்கிடையே பந்தாடப்படும். நடுவில் நின்று ஓங்கிக் கைதட்டினால் உலோகச் சத்தம்போல ஒரு படபடப்பு கேட்கும். அது யாருக்கும் இனிமை தராது. ஒரு பக்கச் சுவரிலாவது திரை, புத்தக அலமாரி, பலகை எதையாவது கொண்டுவந்து அதை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு கூர்மையா அகலமா என்பதை அவரவர் இசையும் செவியும் முடிவுசெய்யட்டும். எங்கே எதிரொலிக்கிறது என்று அறிய, துணைக்கு ஒருவர் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்த வேண்டும்; இருக்கையிலிருந்து பார்த்து ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அதுவே அந்த இடம்.

எந்தப் பொருள் உதவும், எது ஏமாற்றும்

முட்டைத் தட்டு உதவாது. தெர்மோகோலும் உதவாது, அதன் துளைகள் மூடியவை, காற்று உள்ளே புகாது. ஓர் அங்குல ஃபோம் உயர் அதிர்வெண்களை மட்டும் விழுங்கும். சுவர் முழுக்க ஒட்டினால் பாட்டின் ஒளி மங்கி, பாஸின் முழக்கம் மட்டும் மிஞ்சும். மலிவான பாலியூரித்தேன் ஃபோமில் உயிராபத்தும் இருக்கிறது. 2003-இல் அமெரிக்காவின் ரோட் தீவில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், ஒலி அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் வாணப்பொறியில் பற்றி 100 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்காத பொருளைத் தேடி வாங்குவதில் சமரசம் கூடாது.

கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் பலகைகள் கட்டடப் பொருள் கடைகளில் கிடைக்கின்றன. மரச்சட்டத்தில் அடைத்து, காடாத் துணியால் போர்த்தினால் போதும். துணியில் வாயை வைத்து ஊதினால் காற்று தாராளமாக மறுபக்கம் போக வேண்டும். போகாத துணி ஒலியையும் விடாது. வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி விடுவதில் நமக்கு இரட்டை லாபம்: கீழ் அதிர்வெண்களிலும் உறிஞ்சல் கூடும், மழைக்காலத்தில் ஓதம் தங்காமல் காற்றோடும்.

தென்னை நார் மெத்தையும் இலவம்பஞ்சு மெத்தையும் நுண்துளைப் பொருள்களே. வீட்டிலிருக்கும் மெத்தைகளை ஒரு மாலை மூலைகளில் நிறுத்திவைத்துக் கேட்டுப் பார்த்தால், மேற்கொண்டு பணம் போடலாமா என்பது தெரிந்துவிடும். ஒலியை உறிஞ்சாமல் பல திசைகளில் சிதறடிக்கும் பலகைகளும் உண்டு. எண்கணிதத் தொடர்களை வைத்து அவற்றை வகுத்தவரும் ஷ்ரோடர்தான். பின்சுவருக்கு அவை நல்லவை, ஆனால் இரண்டு மீட்டராவது தள்ளி உட்கார வேண்டும். சிறிய ஹாலில், ஆழம் வெவ்வேறாக அடுக்கிய புத்தக அலமாரி அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்யும்.

இந்தப் பலகைகள் எதுவும் ஒலியைப் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் தடுக்காது. தடுப்பதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவு ஜன்னலும் வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. திறந்த ஜன்னல் முழுமையான உறிஞ்சி என்றாலும் தெருச் சத்தத்தையும் அதுவே உள்ளே கொண்டுவரும்; மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்தால் ஆலாபனையின் மெல்லிய முடிவுகள் மூழ்கிவிடும். விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, இரவு அடங்கிய பின் கேட்பதும் ஒலியியல் சீர்திருத்தமே.

அளவையும் திருத்தமும்

அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. யூமிக்-1 போன்ற அளவை மைக் ஒன்று இருந்தால், எந்த அதிர்வெண் வீங்குகிறது, எது எவ்வளவு நேரம் முழங்குகிறது என்பதைத் திரையில் பார்க்கலாம். ஆடிசி, டிராக் போன்ற டிஜிட்டல் திருத்த முறைகள் பல ரிசீவர்களுக்குள்ளேயே வருகின்றன. வீங்கிய பாஸை அவை திறமையாக வெட்டும். பள்ளத்தை நிரப்ப அவற்றால் முடியாது. அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் எவ்வளவு ஊட்டினாலும் அழிவும் கூடவே வளரும். சுவர்களின் கூச்சலையும் அவை போக்காது.

சப்வூஃபர் பற்றி ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. செவ்வக அறையில் நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக நான்கு வைத்தால் எல்லா இருக்கைக்கும் பாஸ் சீராகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே அந்தப் பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது. அசையாத சுவர் கொண்ட நம் வீடுகளுக்கு, பெரிய சப்வூஃபர் ஒன்றைவிடச் சிறியவை இரண்டு என்ற வழி மிகவும் பொருந்தும்.

முடிவாக

இத்தனை ஆய்வுகளிலிருந்தும் நம் ஹாலுக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் சோபாவையும் ஸ்பீக்கரையும் இடம் மாற்ற வேண்டும். அடுத்து கம்பளம், கனத்த திரை, புத்தகம் என்று வீட்டுக்குரிய பொருள்களாலேயே எதிர்முழக்கத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது, மூலைகளிலும் பின்சுவரிலும் தடித்த உறிஞ்சிகள். மெல்லிய ஃபோம் எந்த இடத்திலும் வேண்டாம். நான்காவது, பாஸுக்கு இரண்டாம் சப்வூஃபரும் டிஜிட்டல் திருத்தமும். இவை முடிந்த பிறகுதான் ஸ்பீக்கரை மாற்றுவதா என்ற கேள்வி எழ வேண்டும். பல வீடுகளில் அது எழாமலே போகும்.

ஒலி பட்டு அசையாத சுவர்களுக்குள் வாழும் நமக்கு இது ஆடம்பரம் சார்ந்த விஷயமாக எனக்குப் படவில்லை. அதே ஹாலில்தான் குழந்தைகள் படிக்கிறார்கள், காது மந்தமான பெரியவர்கள் பேச்சைப் புரிந்துகொள்ளப் போராடுகிறார்கள், தொலைக்காட்சியின் வசனம் புரியாமல் சத்தத்தைக் கூட்டுகிறோம். இசைக்காக அறையைச் சீராக்கும் குடும்பத்தில் பேச்சும் தெளிவாகிறது. வீடு கட்டும்போது வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திட்டமிடுகிறோம். ஒலிக்கும் அந்த வரைபடத்திலேயே இடம் தர, பொறியாளரிடமும் கொத்தனாரிடமும் நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.